மேற்கே பார்க்கும் டிஷ்

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்து கீழப்பழுவூரில் நிற்கும்போது ஜன்னலோரம் இருப்பவர் கண்ணில் முதலில் படுவது லாரிகள்தான். சிமென்ட் மூட்டை ஏற்றியவை, சுண்ணாம்புக்கல் ஏற்றியவை, காலியாகத் திரும்புகிறவை. திருச்சி - சிதம்பரம் சாலையும் அரியலூர் - தஞ்சாவூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஊர். டீக்கடை, புழுதி, ஹாரன் சத்தம். இதற்கு நடுவில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஓட்டு வீடானாலும் மாடி வீடானாலும் கூரைக்குக் கூரை ஒரு டிடிஎச் டிஷ். கம்பெனி வேறு, நிறம் வேறு. ஆனால் எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கம் முகத்தை வைத்திருக்கும். கிழக்கு, தென்கிழக்கு. ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவெடுத்ததுபோல.

காரணம் எளிது. கீழப்பழுவூர் இருப்பது 79 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். இந்திய வீடுகளுக்கு டி.வி. அனுப்பும் செயற்கைக்கோள்கள் நிற்பது 83 டிகிரியிலிருந்து 108 டிகிரி வரை. அத்தனையும் ஊருக்குக் கிழக்கே. அதிலும் பல தலைக்கு மேலே வெகு உயரத்தில். வீட்டு டிஷ்ஷுக்கு மேற்கு வானத்தில் சீரியலும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. அந்தப் பக்கம் வீட்டு டிஷ்ஷைத் திருப்ப ஊரில் யாருக்கும் வேலை கிடையாது.

ஹாம் ரேடியோக்காரருக்கு மட்டும் வேலை உண்டு.

பொழுதுபோக்காக, காசு வாங்காமல், சொந்தமாக நிலையம் வைத்து உலகத்தோடு பேசுகிறவர்களை ஹாம் என்பார்கள். அவர்களுக்கென்று நிலையாக ஓரிடத்தில் நிற்கும் செயற்கைக்கோள் நிலையம் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 என்ற டி.வி. செயற்கைக்கோளில் இரண்டு கருவிகளை ஹாம்களுக்காகவே பொருத்தி அனுப்பினார்கள். கத்தார் அமெச்சூர் ரேடியோ சங்கமும் ஜெர்மனியின் ஆம்சாட்-டிஎல் அமைப்பும் சேர்ந்து செய்த காரியம். ஹாம்கள் அதற்கு வைத்த பெயர் கத்தார் ஆஸ்கர் 100. சுருக்கமாக கியூஓ-100. 2019 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பூமத்திய ரேகைக்கு மேலே, 25.9 டிகிரி கிழக்கில், அதாவது ஆப்பிரிக்காவின் காங்கோ காட்டுக்கு நேர் உயரத்தில் அது நிற்கிறது. மேற்கே பிரேசில், கிழக்கே தாய்லாந்து, இந்த இரண்டுக்கும் இடையில் யார் வீட்டு மாடியிலிருந்தும் அது தெரியும்.

கீழப்பழுவூர் மாடியிலிருந்து அது எங்கே இருக்கிறது? நேர் மேற்கிலிருந்து தெற்கே எட்டு டிகிரி தள்ளி, தொடுவானத்திலிருந்து 28 டிகிரி உயரத்தில். கையை நீட்டி மூன்று முஷ்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வருகிற உயரத்துக்குச் சற்றே கீழே. ஊர்ப்பெயரிலேயே திசை ஒளிந்திருக்கிறது. இது கீழ்ப்பழுவூர் என்றால் அது மேலப்பழுவூர். டிஷ் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

எஸ்ஹெயில் என்ற பெயரில் இன்னொரு சங்கதி. அரபு நாடுகளில் கோடை முடியும்போது வானில் தெரியத் தொடங்கும் சுஹைல் என்ற நட்சத்திரத்தின் பெயரைத்தான் கத்தார்க்காரர்கள் செயற்கைக்கோளுக்கு வைத்தார்கள். ஆங்கிலேயர் கனோபஸ் என்பார்கள். தமிழில் அதுதான் அகத்திய நட்சத்திரம். பழுவூர் வட்டாரத்தில், கீழையூர் இரட்டைக் கோயிலில் ஒரு சன்னதிக்குச் சோழீச்சுரம் என்றும் மற்றதற்கு அகத்தீச்சுரம் என்றும் பெயர். பழுவேட்டரையர் காலத்துக் கோயில், 9-ஆம் நூற்றாண்டு. 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டுப் பழுவேட்டரையரைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் போய்ப் பார்க்கும் இடம்.

மாசி மாத முன்னிரவில் தெற்கே திரும்பி நின்றால் அகத்தியர் தெரிவார். வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். கீழப்பழுவூரில் அது ஏறும் உச்ச உயரம் 26 டிகிரி. அதன் பெயரைத் தாங்கிய செயற்கைக்கோள் மேற்கே 28 டிகிரியில். நட்சத்திரம் ராத்திரிக்கு ராத்திரி நகரும். செயற்கைக்கோள் நகராது. அதனால்தான் அதற்கு ஒரு டிஷ்ஷைக் கட்டி வைக்க முடிகிறது.

கட்டி வைத்தால் என்ன கேட்கும்? இத்தாலியில் ஒருவர் தன் தோட்டத்து வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் தன் சிக்னல் எப்படி இருக்கிறது என்று கேட்பார். பிரேசிலிலிருந்து பதில் வரும். அண்டார்க்டிகாவில் ஜெர்மனி நடத்தும் நாய்மயர் ஆய்வு நிலையத்திலும் இதற்கென ஒரு டிஷ் உண்டு. பனிக்கு நடுவிலிருந்து ஒரு குரல் கூப்பிடும். அத்தனையும் மேலே 38,000-க்கும் அதிகமான கிலோமீட்டர் போய், அதே தூரம் கீழே வந்த குரல்கள். போய் வர கால் வினாடி ஆகும். பேசுகிறவர்கள் தங்கள் குரலையே கால் வினாடி கழித்துக் கேட்டுக்கொண்டு பேசுவார்கள். பழகாதவருக்கு நாக்கு குழறும்.

கேட்பதற்கு டிஷ்கூட வேண்டாம். இங்கிலாந்தின் கூன்ஹில்லி தரை நிலையத்தில் ஹாம்கள் ஒரு ரிசீவரை வைத்து இணையத்தில் திறந்துவிட்டிருக்கிறார்கள். கையிலிருக்கும் ஃபோனிலேயே கேட்கலாம். ஆனால் அது கூன்ஹில்லியில் விழுந்த சிக்னல். கீழப்பழுவூரிலும் அதே சிக்னல் இந்த நிமிடம் விழுந்துகொண்டிருக்கிறது, பேருந்து நிறுத்தத்தின் மேலும், ஆலந்துறையார் கோயில் கோபுரத்தின் மேலும். அதைச் சொந்த மாடியில் பிடிப்பதுதான் ஆசை. பேச வேண்டுமானால் மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் வாங்கி, 'வியூ' என்று தொடங்கும் அழைப்புக் குறியீடு பெற வேண்டும். அது தனிக் கதை. இங்கே பேச்சு கேட்பதைப் பற்றி.

ஆரம்பம் எல்லோருக்கும் ஒன்றுதான். வீட்டில் யாரோ கழற்றிப் போட்ட பழைய டிடிஎச் டிஷ், அகலம் 60 சென்டிமீட்டர். அதன் மூக்கில் இருக்கும் எல்என்பி. அந்த எல்என்பியின் மேல் 9.75 என்று அச்சிட்டிருந்தால் அதிர்ஷ்டம். வானிலிருந்து வரும் 10,489 மெகாஹெர்ட்ஸ் அலையை அது 739 மெகாஹெர்ட்ஸாக இறக்கிக் கொடுக்கும். கணினியில் செருகும் ஒரு சின்ன ரேடியோ டாங்கிள் போதும், குரல் கேட்டுவிடும்.

கேட்கும், ஆனால் இரைச்சலுக்குள் கேட்கும். செயற்கைக்கோள் மும்முரமாகப் பார்ப்பது ஆப்பிரிக்காவையும் ஐரோப்பாவையும். தமிழ்நாடு அதன் பார்வையில் ஓரத்துக்குப் பக்கம். வடிவமைத்தவர்கள் சொன்ன கணக்கே அப்படித்தான்: நடுப்பகுதிக்கு 60 சென்டிமீட்டர் போதும், விளிம்பில் மழை அதிகமுள்ள நாடுகளுக்கு 90 வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் திரண்டால் வீட்டு டி.வி.யில் 'சிக்னல் இல்லை' என்று வருமே, அதே நோய்தான் இதற்கும். அலைவரிசை ஏறக்குறைய அதே ரகம். சின்ன டிஷ்ஷில் கையிருப்பு இல்லை. கொஞ்சம் மழை வந்தால் உள்ளதும் போகும். குரலோடு நிற்காமல், ஹாம்கள் இந்தச் செயற்கைக்கோள் வழியே அனுப்பும் டி.வி. படங்களையும் பார்க்க ஆசைப்பட்டால் 60 சென்டிமீட்டரை மறந்துவிட வேண்டியதுதான்.

இங்கேதான் பெரிய டிஷ் ஆசை பிறக்கிறது. மழையில் சொம்பை வைத்தால் சொம்புத் தண்ணீர், அண்டாவை வைத்தால் அண்டாத் தண்ணீர். டிஷ்ஷும் அப்படியே, வாயகலம்தான் கணக்கு. 60 சென்டிமீட்டரை 90 ஆக்கினால் பிடிக்கும் சக்தி இரண்டே கால் மடங்கு. 120 ஆக்கினால் நான்கு மடங்கு. 8 அடி டிஷ் ஒன்று கிடைத்தால் பதினாறு மடங்கு. கணக்குப் போட்டவுடன் மனசு நேரே எட்டு அடிக்குப் போய்விடும்.

எட்டு அடி டிஷ்ஷுக்கு ஊர்ப்பக்கம் பஞ்சமில்லை. 1990-களில் கேபிள் டி.வி. வந்தபோது ஊருக்கு ஊர் கேபிள்காரர் மாடியில் பெரிய பெரிய வலை டிஷ்கள் பூத்தன. ராத்திரி அதைச் சுற்றி நின்று திருப்பிய இளைஞர்களுக்கு இன்று பேரன் பேத்தி இருக்கும். ஃபைபர் வந்தபின் பல டிஷ்கள் சும்மா நிற்கின்றன, அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. எடைக்கு எடை வாங்கி வந்துவிடலாம்.

வாங்கி வந்து கட்டிய பிறகு ஏமாற்றம் வரும். கேபிள் டிஷ் பிடித்தது 4 கிகாஹெர்ட்ஸ் அலை. அதன் நீளம் ஏழரை சென்டிமீட்டர். கியூஓ-100 அலையின் நீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. வலையின் ஓட்டை அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் அலை நழுவ ஆரம்பிக்கும். ரவை சலிக்கும் சல்லடையில் மாவைக் கொட்டிய கதை. அதோடு, பல வருஷம் காற்றும் காக்கையும் உட்கார்ந்து வளைத்த வலை. இந்த அலைக்கு டிஷ்ஷின் பரப்பு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நெளியக் கூடாது. எட்டு அடி நெளிந்த வலையைவிட நாலு அடி நல்ல தகடு மேல்.

இந்தச் சல்லடைக் கணக்கைத் தெரிந்துகொண்டே வலை டிஷ் செய்து வென்றவர்களும் இந்தியாவில்தான் இருந்தார்கள். 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடனாக வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ நேரடியாக டி.வி. காட்டியது. கிராமத்தில் நட்ட டிஷ் பத்தடி அகலம். பரப்பு என்ன தெரியுமா? கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலை. அந்த அலையின் நீளம் 35 சென்டிமீட்டர் என்பதால் கோழி வலையே தாராளம். அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனால் பாக் நீரிணையைத் தாண்டிக் கொழும்பில் ஒரு வீட்டு மாடிக்கு இஸ்ரோ ஒரு தரை நிலையத்தை அன்பளிப்பாகக் கொடுத்தது. ஆர்தர் சி. கிளார்க்கின் வீடு. செயற்கைக்கோளைப் பூமியோடு சேர்ந்து சுற்றும் உயரத்தில் நிறுத்தினால் அது ஒரே இடத்தில் நிற்கும், அதை வைத்து உலகத்துக்கே ஒலிபரப்பலாம் என்று 1945-இல் ஒரு ரேடியோ பத்திரிகையில் எழுதியவர். முப்பது வருஷம் கழித்துத் தன் மாடியிலேயே அதைப் பார்த்தார்.

சரி, நாலு அடி நல்ல தகடு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இனிமேல்தான் வேலை.

டிஷ் பெருக்கப் பெருக்க அதன் பார்வை குறுகும். இதை முதலில் யாரும் நம்புவதில்லை. 60 சென்டிமீட்டர் டிஷ் வானத்தில் மூன்று டிகிரிக்குச் சற்று அதிகமான வட்டத்தைப் பார்க்கும். குத்துமதிப்பாகத் திருப்பினாலே செயற்கைக்கோள் உள்ளே வந்துவிடும். 120 சென்டிமீட்டருக்கு அந்த வட்டம் ஒன்றரை டிகிரிக்குச் சற்று அதிகம். எட்டு அடிக்கு ஒரு டிகிரிகூட இல்லை, கிட்டத்தட்ட ஒன்றரை நிலா அகலம். அவ்வளவு ஒடுக்கமான பார்வையை 38,000 கிலோமீட்டர் தள்ளி ஒரு புள்ளியில் நிறுத்த வேண்டும், நிறுத்தியது அசையவும் கூடாது. குழாய் அரை டிகிரி சாய்ந்திருந்தால் சின்ன டிஷ் மன்னிக்கும். பெரிய டிஷ் மன்னிக்காது. அதனால் டிஷ்ஷைப் பெரிதாக்குகிறவர் முதலில் செலவழிக்க வேண்டியது குழாய்க்கு. தடித்த ஜி.ஐ. பைப், அகலமான அடித்தகடு, வெல்டிங் பட்டறையில் நேரம், தூக்குக்குண்டு கட்டி நாலு பக்கமும் நேர் பார்ப்பது. கொத்தனார் சுவர் எழுப்பும் அதே நிதானம்.

கீழப்பழுவூரில் இன்னும் இரண்டு விசித்திரம் உண்டு. ஒன்று, டிஷ் நிற்கும் தோரணை. டிடிஎச் ரக டிஷ்ஷில் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். அதனால் அது பார்க்கிற திசை வேறு, பார்ப்பதுபோலத் தோன்றும் திசை வேறு. ஏறக்குறைய 25 டிகிரி வித்தியாசம். தலைக்கு மேலே டி.வி. செயற்கைக்கோளைப் பார்க்கும் டிஷ் கொஞ்சம் மல்லாந்து கிடக்கும். மேற்கே 28 டிகிரியைப் பார்க்கும் அதே டிஷ் சுவர்போல நெட்டுக்குத்தாக நிற்கும். தெருவில் போகிறவருக்கு அது திருச்சி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். கட்டியவரைப் பார்த்து, 'தம்பி, டிஷ் சாஞ்சு போச்சு' என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள்.

இரண்டாவதில் பலர் மாட்டிக்கொள்வார்கள். ஹாம் குரல்கள் வருவது செங்குத்து முனைவாக்கம் கொண்ட அலையில், அதாவது நின்றுகொண்டு வரும் அலையில். புத்தகத்தில் செங்குத்து என்றுதான் இருக்கும். ஆனால் அந்தச் செங்குத்து, செயற்கைக்கோள் நிற்கும் தீர்க்கரேகைக்குச் செங்குத்து. அதிலிருந்து 53 டிகிரி கிழக்கே, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் கீழப்பழுவூருக்கு வரும்போது பூமியின் வளைவால் அந்த அலை 76 டிகிரி சாய்ந்துவிடுகிறது. நின்று புறப்பட்டது இங்கே ஏறக்குறைய படுத்துக்கொண்டு வருகிறது. ஜெர்மனியில் ஒருவர் எடுத்த படத்தைப் பார்த்து எல்என்பியை அதேபோல மாட்டினால், டிஷ் எவ்வளவு பெரிதானாலும் இரைச்சல்தான் கிடைக்கும். டிஷ்ஷைப் பழித்துப் பயனில்லை. எல்என்பியின் கழுத்துப் பிடியைத் தளர்த்தி மெல்லத் திருகிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் குரல் எழும்பும். காசு செலவில்லாத இந்தத் திருகல், அரை மீட்டர் கூடுதல் டிஷ்ஷைவிட அதிகம் தரும்.

எல்என்பியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மலிவான எல்என்பி வெயிலில் நழுவும். சித்திரை வெயிலில் தகரம்போலச் சுட்டால் அதன் அலைவரிசை இடம் மாறும். டி.வி.க்கு அது உறைக்காது. டி.வி. சேனல் அகலமான நெடுஞ்சாலை. ஹாம்களின் குரலோ ஒற்றையடிப் பாதை, மூன்று கிலோஹெர்ட்ஸ்கூட இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே குரல் வாத்துபோலக் கீச்சிட்டு நகர்ந்துவிடும். ஆகவே பெரிய டிஷ்ஷுக்கு முன்னால் நிலையான பிஎல்எல் எல்என்பி ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம். கடைக்காரர் சொல்லமாட்டார். அவருக்கு இரண்டும் விற்க வேண்டும்.

மரம் ஒரு தொல்லை. பழு என்றால் ஆலமரம் என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். ஆலோ புளியோ தென்னையோ, மேற்கே நின்றால் இலை வழியே இந்த அலை வராது. ஒரு எளிய கணக்கு போதும். மரத்தின் உச்சி மாடியைவிட எத்தனை அடி உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் மரம் இருந்தால் பாதகமில்லை. அதைவிடக் கிட்டே இருந்தால் மாடியில் இடத்தை மாற்ற வேண்டும். மரத்தை வெட்டுகிற யோசனை வேண்டாம்.

மரத்தைவிடப் பெரிய தொல்லை காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அந்தக் காற்று வருவது மேற்கிலிருந்து. ஊரின் மற்ற டிஷ்கள் மல்லாந்து, முதுகைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும். மேற்கே முகம் வைத்துச் சுவர்போல நிற்கும் டிஷ் மட்டும் ஆடி மாதம் முழுவதும் நேருக்கு நேர் வாங்கும். அகலம் இரண்டு மடங்கானால் காற்றின் பிடியும் நான்கு மடங்கு. சிக்னலுக்குச் சொன்ன அதே கணக்கு இங்கே எதிர்ப்பக்கம் வந்து நிற்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசையும் மறுபடி நான்கு மடங்கு.

இந்தச் செயற்கைக்கோள் பிறந்த ராத்திரியே அதற்கு ஒரு சாட்சி. எஸ்ஹெயில்-2-ஐச் சுமந்த ஃபால்கன் ராக்கெட் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பியது 2018 நவம்பர் 15 பிற்பகலில். அப்போது தமிழ்நாட்டில் நவம்பர் 16 அதிகாலை இரண்டே கால் மணி. சரியாக அந்த நேரத்தில்தான் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துகொண்டிருந்தது. மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர் வேகம். தென்னைகள் விழுந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, செல்ஃபோன் கோபுரங்கள் ஊமையாகின. டெல்டாவில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் உறவுக்காரர்கள் என்ன ஆனார்களோ என்று இந்தப் பக்கம் தவித்த வீடுகள் எத்தனையோ. கார் பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோ அப்போது என்ன பெறும் என்று யோசித்தால் இந்தப் பொழுதுபோக்கு வெறும் பொழுதுபோக்காகத் தெரியாது. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் அதைக் கண்ணால் பார்த்தார்கள். அந்தமானுக்கு ஹாம் ரேடியோ ஒலிபரப்புக்காகப் போயிருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவும் சுனாமி வந்ததும் கருவிகளோடு செய்தி கடத்த உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனால் புயலுக்கு உதவ நினைத்த டிஷ்ஷே புயலில் கிளம்பிவிடக் கூடாது. கஜாவின் 120 கிலோமீட்டர் காற்று 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை ஏறக்குறைய 23 கிலோ விசையோடு தள்ளும். 120 சென்டிமீட்டர் டிஷ்ஷை 90 கிலோவுக்கு மேல். எட்டு அடி டிஷ்ஷை 370 கிலோ. அது கைப்பிடிச் சுவரில் நாலு ஆங்கர் போல்ட்டில் நிற்கிற பாரம் இல்லை. சுவரையே பெயர்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் விழும். கீழே யார் படுத்திருப்பார்கள் என்று டிஷ் பார்த்து விழாது. எட்டு அடிதான் வேண்டும் என்பவர் மாடியை விட்டுத் தரைக்கு இறங்கி, கொல்லையில் குழி வெட்டி, கான்கிரீட் போட்டு நட வேண்டும். தரைக்கு இறங்கினால் மேற்கே உள்ள மரம் மறைக்கும். கடைசியில் கீழப்பழுவூர் போன்ற ஊருக்கு நியாயமான அளவு மூன்று அடிக்கும் நாலு அடிக்கும் நடுவில்தான் வந்து நிற்கிறது. அண்டா ஆசை சொம்பில் தொடங்கி ஒரு நல்ல குடத்தில் முடியும்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். ஒரு காலத்தில் டிஷ்ஷே வேண்டியிருக்கவில்லை. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட்டில் ஹாம்சாட் போனது. ஹாம்களுக்காகவே இந்தியா அனுப்பியது, 42.5 கிலோ எடை. அதிலிருந்த இரண்டு கருவிகளில் ஒன்று இந்தியாவில் செய்தது, மற்றது ஒரு டச்சு ஹாம் செய்து கொடுத்தது. கையில் பிடிக்கும் சின்ன ஆன்டெனாவை வைத்துக்கொண்டு வானத்தில் அதன் போக்கிலேயே கையைத் திருப்பினால் போதும். தாழ்வாகப் பறந்ததால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். அந்தப் பத்து நிமிடத்தில் இலங்கையோடும் பேசலாம், டெல்லியோடும் பேசலாம். ஒன்பது வருஷம் உழைத்தது. 2014 ஜூலையில் பேட்டரி கைவிட்டது. அதற்குப் பிறகும் சின்னச் சின்னச் செயற்கைக்கோள்கள் போயின. 2011-இல் சென்னை எஸ்.ஆர்.எம். மாணவர்களுடையது ஒன்று. 2023 பிப்ரவரியில் அரசுப் பள்ளி மாணவிகள் உட்பட 750 பெண் பிள்ளைகள் கைபட்ட ஆசாதிசாட்-2 ஹாம் கருவியோடு போனது. அவையெல்லாம் வந்து போகிறவை. நின்று பேசுவது கத்தாருடையது மட்டும். அதற்கும் ஆயுள் உண்டு. பதினைந்து ஆண்டுக் கணக்கில் செய்தது, அதில் பாதி கழிந்துவிட்டது. அதன் இடத்துக்கு இன்னொன்று வருமா என்பது முடிவாகவில்லை. பெரிய டிஷ் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே நாலு வருஷம் ஓட்டுகிறவர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூமி கடலடியாக இருந்தபோது வாழ்ந்த உயிர்களின் சுருள் ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. மேற்கே லாரி போகும் சாலை, வடக்கே சுண்ணாம்புச் சுரங்கம், ஊருக்குள் சம்பந்தர் பாடிய கோயில், மொழிப்போர் தியாகி சின்னச்சாமியின் பெயர். இத்தனையும் ஒரு நாள் பயணத்தில் பார்த்துவிடலாம். வானத்தைப் பார்க்க மட்டும் நல்ல நாள் பார்த்து வர வேண்டும்.

அந்த நாள் பங்குனி பிறந்த ஓரிரு தினங்களில், மார்ச் 15, 16 வாக்கில் வருகிறது. வருஷத்தில் இரண்டு முறை சூரியன் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும். கீழப்பழுவூருக்கு அது மார்ச் நடுவில் மாலை நாலு இருபத்தைந்துக்கு, மறுபடி செப்டம்பர் கடைசியில் நாலு மணி சொச்சத்துக்கு. டிஷ்ஷைச் சரியாகத் திருப்பியிருக்கிறோமா என்று சோதிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது, காசும் கிடையாது. எல்என்பி நடுவில் நிற்கும் வகை டிஷ் என்றால் சூரியனுக்கு முதுகைக் காட்டி, டிஷ்ஷைப் பார்த்து நிற்க வேண்டும். கண்ணைச் சூரியன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. நாலு மணிக்கு எல்என்பியின் நிழல் டிஷ்ஷின் நடுவுக்குச் சற்றுக் கீழே இருக்கும். மெல்ல நகரும். டிஷ்ஷுக்கு ஏன் பளபளப்பில்லாத மங்கிய பெயின்ட் அடிக்கிறார்கள் என்பது அப்போது புரியும். பளபளத்தால் வெயில் முழுக்கக் குவிந்து எல்என்பி உருகிவிடும்.

நாலே காலுக்கு மேல் ரேடியோவில் இரைச்சல் ஏறத் தொடங்கும். சூரியனின் சத்தம் அது. சின்ன டிஷ்ஷில் கால் மணி நேரம் மெல்லிசாக இழுபடும். நாலு அடி டிஷ்ஷில் ஒன்பது நிமிடம்தான், ஆனால் ஓங்கி ஒலிக்கும். பலவீனமான குரல்கள் அதில் அமுங்கும். நிழல் டிஷ்ஷின் நட்டநடுவில் வந்து உட்காரும். நாலரையைத் தாண்டினால் நிழல் மேலே ஏறிப் போகும், இரைச்சல் இறங்கும், செயற்கைக்கோளின் மோர்ஸ் ஒலி முதலில் தெளியும். அப்புறம் யாரோ ஒருவர், எந்த நாட்டிலிருந்தோ, தன் அழைப்புக் குறியீட்டை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார். கீழே சாலையில் திருச்சி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நிற்கும்.